அபாயத்துக்கு அத்தை படம்

1

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தேன். மேஜைமேல் கிடந்த என் பழைய லேப்டாப்பைத் திறந்த என் மகள் மோனிஷா, "நைனா, ஆயா வந்துட்டாங்க!" என்று கத்தினாள். நான் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடினேன். வாசலில் யாரும் இல்லை. சத்தியவேட்டிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் ஜப்பானுக்கு வந்து நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளே, உங்கள் ஆயா விஷயத்தில் எதையும் அப்படி அடித்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் ஓடினேன்.

அவர் வந்திருந்தது லேப்டாப் திரையில். காணிப்பாக்கம் கோயில் வாசல். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, சிதறு தேங்காய் உடைக்கக் கையை ஓங்கி, கண்ணை உருட்டிக்கொண்டு நிற்கும் படம். மோனிஷாவின் காதுகுத்தின்போது எடுத்தது. அந்தப் படத்துக்குக் கீழே என் கையால் தமிழில் அடித்த ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியால் என் மனைவி குமாரியும் மோனிஷாவும் இந்த நாட்டுக்கு வராமலே போயிருப்பார்கள்.

போன மாதம் நீங்கள் போனில் கேட்டீர்கள் அல்லவா, "மாமா, அந்த ஜப்பான் எழுத்தெல்லாம் எப்டி மாமா கத்துக்கினே?" என்று? பாஸ்கரின் பிள்ளைகளான உங்களுக்கும் தெருவில் உங்களோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் சேர்த்துதான் இதை எழுதுகிறேன். பெரியவர்கள் படித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் நைனா பாஸ்கர் மட்டும் இதைக் கோழிக்கறி தின்றுகொண்டே படிக்க வேண்டாம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

2

உங்கள் நைனா பாஸ்கரைப் பெற்றவர், உங்களுக்கு ஆயாவான கன்னியம்மா, எனக்கு அத்தை. என் நைனாவின் கூடப்பிறந்த தங்கை. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவர். பிறகு தன் பெண் குமாரியையும் எனக்கே கட்டிக்கொடுத்தார். ஆக என்னைத் திட்டுவதற்கு அவருக்கு இரண்டு வழியாகவும் உரிமை உண்டு. ஒன்றையும் அவர் வீணாக்கியதில்லை.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். பிறகு திருப்பதியில் ஐ.டி.ஐ.; அங்கே பாடம் தெலுங்கில். சத்தியவேடு ஆந்திராவில் இருப்பதால் நம் வீடுகளில் ரேஷன் கார்டு தெலுங்கு, பேச்சும் சண்டையும் தமிழ். எங்கள் சிறு வயதில் நம் பக்கத்தில் வேலை என்றால் கரும்பு வெட்டு, இல்லாவிட்டால் சீசனுக்கு மாங்கூழ் ஆலை. அப்புறம் பக்கத்திலேயே ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டை வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்தன. ஃபிட்டராகச் சேர்ந்தேன். சில வருஷம் கழித்து, ஜப்பானில் இருக்கும் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். இரண்டு எழுத்து தெரிந்தவனுக்கு மூன்றாவது என்ன பெரிய மலையா என்ற தைரியத்தில் விமானம் ஏறினேன்.

இறங்கின பிறகுதான் தெரிந்தது, இவர்களுக்கு ஒரே மொழிக்கு மூன்று வகை எழுத்து. முதல் இரண்டும் நம் எழுத்துபோல ஓசைக்கானவை. அவற்றைத் தட்டித் தடவிப் பிடித்துவிட்டேன். மூன்றாவது வகை படம் படமாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சொல், அல்லது பாதிச் சொல். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது எழுத்து. எனக்கு அது புத்தூர் சந்தையில் கூடையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

நகராட்சி அலுவலகத்தில் என் பெயரைப் பதியப் போனபோது, அங்கிருந்த பெண்மணி பணிவாகக் குனிந்து வணங்கி, தங்கள் எழுத்தில் ழவும் இல்லை, லவும் இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார். ஏழுமலையாக இருந்த நான் 'எருமராய்' ஆனேன். கம்பெனி ஹெல்மெட்டிலும் அப்படியே எழுதி ஒட்டினார்கள். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அதை எப்படிப் படிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அத்தை, "பரவால்லடா, வந்த ஒடனே உன்ன கண்டுபுட்சிட்டாங்க" என்றார்.

கம்பெனியில் முன்கூட்டியே ஒன்று சொல்லியிருந்தார்கள். ஜப்பானிய மொழித் தேர்வில் தேறினால் மேல் கிரேடு கிடைக்கும்; மேல் கிரேடு கிடைத்தால்தான் மனைவி பிள்ளையை அழைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியது. அத்தையிடம் இதைச் சொன்னேன். "நீ மொதல்ல பாஸ் பண்ணு. அப்பால என் பொண்ண அனுப்புறதா வேணாமான்னு நான் சொல்றேன்" என்றார். அதாவது எனக்குத் தேர்வு இரண்டு. ஒன்றை அரசாங்கம் நடத்துகிறது. இன்னொன்றை அத்தை.

3

எனக்குப் பக்கத்து மெஷினில் லான் என்ற வியட்நாம் பெண்மணி வேலை செய்தார். என்னைவிடப் பெரியவர், அந்தத் தேர்வை ஏற்கெனவே முடித்தவர். நான் சாப்பாட்டு நேரத்தில் ஒரே எழுத்தை முப்பது தடவை எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "கை வலிக்கும், மண்டையில் ஏறாது. கம்ப்யூட்டரில் அட்டை போடு" என்றார்.

அட்டை என்றால் இப்படி. ஒரு பக்கம் எழுத்து தெரியும். தட்டினால் மறுபக்கம் ஒரு படமும் அர்த்தமும் வரும். கீழே நான்கு பொத்தான்: மறுபடி, கஷ்டம், சரி, சுலபம். 'மறுபடி' என்று அமுக்கினால் பத்து நிமிஷத்தில் அதே அட்டை திரும்பி வந்து நிற்கும். 'சுலபம்' என்று அமுக்கினால் சில நாள் கழித்து வரும், அப்போதும் சுலபம் என்றால் சில மாதம் கழித்து, அப்புறம் வருஷக்கணக்கில். நன்றாகத் தெரிந்ததை அது கேட்காது. தெரியாததையே நோண்டி நோண்டிக் கேட்கும். எங்கள் கணக்கு வாத்தியாரும் இப்படித்தான். அவரிடம் பிரம்பு இருந்தது, இதனிடம் இல்லை.

வாயால் சொல்லிப் பழகுவதற்கு இன்னொரு மென்பொருள். அது ஒரு சொல்லைச் சொல்லும். நாம் மைக்கில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிடித்துப்போனால் பச்சை விளக்கு எரியும். ஒரு சாயங்காலம் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சொற்கள் வந்தன. 'தீப்பிடித்துவிட்டது' என்பதற்கு 'காஜி தெஸ்' என்றது. நான் அடக்கமாக, "காஜி தெஸ்" என்றேன். கேட்கவில்லை என்றது. கொஞ்சம் குரலை உயர்த்தினேன். கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. கழனியில் அடுத்த மடையில் நிற்பவனைக் கூப்பிடுகிற குரலில், "காஜி தேஸ்! காஜி தேஸ்!" என்று கத்தினேன்.

கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர் தீயணைக்கும் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் அவர் மனைவி, கையில் தண்ணீர் வாளி. எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி அத்தனையும் அந்த நிமிஷம் என்னை விட்டு ஓடிப்போயிற்று. லேப்டாப்பைக் கையால் காட்டினேன். அது அப்போது பார்த்துப் பச்சை விளக்கை எரியவிட்டு, இனிமையான பெண் குரலில், "மிக நன்று!" என்றது.

பெரியவர் சிலிண்டரோடு குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். அவர் மனைவி வாளியைக் கீழே வைத்துவிட்டு வணங்கினார். அந்தச் சொல் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. அவர்களுக்கும் மறக்கவில்லை. இப்போதும் நான் சத்தமாகத் தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும்.

4

அட்டை போட்டும் எழுத்துகள் ஒட்டவில்லை. காலையில் படித்தது டீ நேரத்துக்குள் உதிர்ந்துவிடும். லான் என் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லா அட்டையிலும் யாரோ வெள்ளைக்காரர் படம் இருக்கிறது. இவர் உனக்கு என்ன உறவு? உனக்குத் தெரிந்த முகத்தைப் போடு" என்றார்.

அதுதான் திருப்பம். போனில் இருந்த குடும்பப் படங்களையெல்லாம் லேப்டாப்பில் இறக்கினேன். கல்யாணம், காதுகுத்து, கெடாவெட்டு, எல்லாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொந்தக்காரரை நியமித்தேன்.

'பழுது, இயங்காது' என்ற சொல்லுக்கு உங்கள் நைனா பாஸ்கர். வண்டியிலிருந்து விழுந்து புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு, மூங்கில் பத்தையோடு கையைத் தொங்கவிட்டு, மற்றக் கையால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய படம். 'இரைச்சல்' என்பதற்கு என் குமாரி, காதில் போன். 'அவசர வழி' என்பதற்கு அத்தை வீட்டுப் பின்கதவு. சின்ன வயதில் நான் அதிகம் பயன்படுத்தியது அதைத்தான். 'அமைதி'க்குப் படம் தேடித் தேடிப் பார்த்தேன். நம் குடும்பத்தில் ஒருவர்கூட அகப்படவில்லை. கடைசியில் ஊரில் பக்கத்து வீட்டு எருமை மாட்டைப் போட்டேன்.

'கிகென்' என்று ஒரு சொல். அபாயம் என்று அர்த்தம். தொழிற்சாலையில் திரும்பின பக்கமெல்லாம் மஞ்சள் பலகையில் இருக்கும்; ஆனால் எழுத்து இரண்டும் ஒரே சிக்கல். உற்றுப் பார்த்தேன். முதல் எழுத்தில், கூரை மேல் ஒருவர் குனிந்து நிற்கிறார், கீழே ஒருவன் குந்திக்கொண்டிருக்கிறான். இரண்டாவது எழுத்தில், ஒருவன் காலை அகட்டிக்கொண்டு ஓடுகிறான். பார்த்த உடனே எனக்கு நம் வீடு ஞாபகம் வந்துவிட்டது. மேலே அத்தை, கீழே நான், ஓடுபவன் பாஸ்கர். அதை அப்படியே அட்டையில் எழுதிவைத்தேன். காணிப்பாக்கம் தேங்காய்ப் படத்தை ஒட்டினேன். கீழே அர்த்தம் அடித்தேன்: 'அபாயம். கிட்டே போகாதே.'

அவமரியாதையாக நினைத்துச் செய்யவில்லை பிள்ளைகளே. படிப்புக்காகச் செய்தது. ஒரு வாரத்தில் எழுத்துகள் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டன. தொழிற்சாலைக்குள் நடந்தால் சொந்த ஊர்த் தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு பலகையிலும் ஒரு உறவுக்காரர்.

5

அப்போது மோனிஷா சத்தியவேட்டில் ஒன்றாம் வகுப்பு. குமாரியோடு அத்தை வீட்டில் இருந்தாள். இங்கே வந்தால் பள்ளிக்கூடத்தில் திணறக் கூடாது என்று, குழந்தைகளுக்கான எழுத்து அட்டைகளை அவள் பழகுவதற்காக, பாஸ்கரின் போனில் அதே செயலியை ஏற்றச் சொல்லி என் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். நம் பக்கத்தில் ஒருவன் போன் வீட்டுக்கே பொது. ஒருவன் பாஸ்வேர்ட் தெருவுக்கே பொது. ஒரே பாஸ்வேர்டில் திறந்தால் என் அட்டைகள் மொத்தமும் அங்கேயும் போய் இறங்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அன்று ஞாயிறு. வீட்டில் கோழிக்கறி. குமாரி தன் போனை ஒரு சொம்பின்மேல் சாய்த்து, நானும் பந்தியில் இருக்கிற மாதிரி வீடியோவில் உட்காரவைத்திருந்தாள். நான் இங்கே நூடுல்ஸ் தின்றுகொண்டு அங்கே கறி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோனிஷா பாஸ்கரின் போனைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"எல்லாரும் பாருங்க, நைனா புச்சா கேம் அனுப்பிக்கிறாரு!"

தட்டினாள். "ஐ, மாமா!"

"நானா? ஆமா, கட்டோட கீறேன்!" என்றான் பாஸ்கர். "கீழ இன்னா போட்டுக்கிது?"

"பழுது. இயங்காது."

வீடே சிரித்தது. பாஸ்கரும் சிரித்தான், ஆனால் வாய் மட்டும்தான் சிரித்தது.

அடுத்தது குமாரி. "இது எப்ப எடுத்தது? நல்லாக்கீதே" என்று எட்டிப் பார்த்தாள்.

"இரைச்சல், அம்மா."

குமாரி சொம்புப் பக்கம் திரும்பி, "அப்பால பேசிக்கிறேன்" என்றாள். மிக மெதுவாகத்தான் சொன்னாள்.

நான் நூடுல்ஸைக் கீழே வைத்துவிட்டு, "மோனிஷா, போதும்மா! போன வெச்சிடு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் நாற்காலி நகர்ந்தது. சத்தியவேட்டில் ஒருவர் காதிலும் விழவில்லை. "மாமா இன்னாவோ சொல்றாரு, பசி போல" என்றான் பாஸ்கர், கோழிக் காலைக் கடித்துக்கொண்டே.

அத்தைக்கு மனத்தாங்கல் வந்துவிட்டது. "மாடு கூட வந்துடுச்சி. நான் எங்கடி? தூக்கிச் சொமந்தவ படம் ஒண்ணு வெக்கணும்னு தோணலியா அவனுக்கு?"

"இரு ஆயா, தேடறேன்... கெட்ச்சிடுச்சி!"

அத்தை கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "காணிப்பாக்கத்துல எடுத்தது. நல்லாதான் விழுந்துக்கிறேன். கீழ இன்னாடி எழுதிக்கீறான்?"

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. எழுத்துக்கூட்டி, நிறுத்தி, வாத்தியார் மெச்சும்படி படித்தாள். "அ... பா... யம். அபாயம். கிட்... டே... போ... கா... தே."

அத்தை திட்டியிருந்தால் தேவலை. போனைத் தரையில் கவிழ்த்து வைத்தார். சொம்பு முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் முகம் என் திரை முழுவதும் இருந்தது.

"கிட்ட போவக் கூடாதுன்னு தெரிஞ்சவன், எதுக்குடா என் வாசப்படி ஏறிப் பொண்ணு கேட்டே?"

"அத்த, அது படிப்புக்காக..."

"சரி, படி. என் பொண்ணும் அபாயம், என் பேத்தியும் அபாயம். ரெண்டு பேரையும் நான் அனுப்பல. நீ அங்க பத்திரமா இரு."

அதோடு எழுந்து போய்விட்டார். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. 'அமைதி' என்ற சொல்லுக்கு அன்றுதான் எனக்கு ஒரு படம் கிடைத்தது. எடுக்க மனம் வரவில்லை.

6

மறுநாள் வேலைக்குப் போகும் ரயிலில் லேப்டாப்பைத் திறந்தேன். முதல் அட்டை 'பழுது'. தட்டினேன். கட்டுப் போட்ட பாஸ்கர் இல்லை, நான் இருந்தேன். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம், திருட்டு முழி முழித்துக்கொண்டு. 'இரைச்சல்' தட்டினேன். நான். 'கனம்', நான். 'குப்பை', நான். பாஸ்கர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அத்தனை அட்டையிலும் என் முகத்தை ஒட்டியிருக்கிறான். எருமை மாட்டை மட்டும் விட்டுவிட்டான். அதன் கௌரவத்தைக் காப்பாற்றினானாம்.

சிரிப்பீர்கள். எனக்குத் தேர்வு நெருங்கிவிட்டது. எந்த எழுத்தைப் பார்த்தாலும் என் முழிதான் தெரிந்தது. ஒரு நாள் லைன் லீடர் தரையில் வைத்திருந்த பலகையைக் காட்டி, "எருமராய்-சான், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். மண்டைக்குள் தேடினேன். ஒரே ஒரு முகம்தான் வந்தது. "நான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அந்தப் பலகையில் எழுதியிருந்தது, எண்ணெய் சிந்தியிருக்கிறது என்று. அதைச் சுத்தம் செய்ய நானே முன்வந்துவிட்டதாக நினைத்து, என் தோளைத் தட்டித் துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டார்.

நான் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து லான் விசாரித்தார். கதை முழுக்கக் கேட்டார். உட்கார்ந்து சிரித்தார். பிறகு, பழைய அட்டைகளின் பிரதி லேப்டாப்பிலேயே இருக்கும் என்று சொல்லி, எல்லாப் படங்களையும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். பாஸ்கரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசினேன். "சரி வுடு மாமா, கை நெசமாவே அப்ப பழுதுதானே" என்றான். உங்கள் நைனா நல்லவர் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். குமாரி, ஒரு மணி நேரம் பேசினபின் விட்டுக்கொடுத்தாள்.

அத்தை மட்டும் போனுக்கு வரவேயில்லை. அவரைக் கேட்காமல் திரும்பி வந்த அந்தப் படத்தை அப்படியே வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அதை நானே எடுத்துவிட்டேன். 'கிகென்' அட்டை வெறும் வெள்ளையாக நின்றது. படம் இல்லாமல் அந்த எழுத்து எனக்குத் திரும்பவும் வெறும் சிக்கலாகிவிட்டது. 'மறுபடி' என்று அமுக்குவேன். பத்து நிமிஷத்தில் அதே வெள்ளை அட்டை திரும்பி வந்து நிற்கும். வீட்டுக்குப் போன் செய்தால் குமாரி சொல்வாள்: "அம்மா மோனிஷா துணியெல்லாம் மடிச்சி திருப்பி பொட்டில வெச்சிட்டாங்க மாமா. வாயத் தொறக்கல." ஜப்பானுக்குக் கிளம்புவதற்காக வெளியே எடுத்துவைத்த துணி அது.

7

அத்தை அப்போது ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் மத்தியானம் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"டேய், ஏழுமல."

"அத்த! சாப்டியா அத்த?"

"அதெல்லாம் அப்பால. ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லு. கூர மேல ஒருத்தி குனிஞ்சிக்கினு நிக்கிறா, கீழ ஒருத்தன் குந்திக்கினு கீறான், பக்கத்துல ஒருத்தன் கால அகட்டிக்கினு ஓடறான். அதானே நீ எனக்கு வெச்ச எழுத்து? மோனிஷா வரைஞ்சி காட்னா."

"ஆமா அத்த. மன்னிச்சிடு அத்த."

"இருடா. இங்க புச்சா ஒரு மிசின் வந்து எறங்கிக்கிது. ஜப்பான்ல இருந்து. எங்க ஊட்ட விட பெருசு. அதும்மேல மஞ்சா பட்ட அடிச்சி, அந்த எழுத்துதான் போட்டுக்கிது. கொட்ட எழுத்துல. பெருக்கலாம்னு கிட்ட போனேன். சூப்பர்வைசரு 'தக்கரிக்கி ராகண்டம்மா'ன்னு கத்தறான். கிட்ட வராதேன்றான்."

"ஆமா அத்த, கரெண்டு இருக்கும்..."

"கேளுடா. மேனேஜரு வந்தாரு. அவரும் கோட்டுக்கு அந்தாண்டயே நின்னுட்டாரு. கையக் கட்டிக்கினு. கோயில்ல நிக்கிற மாதிரி நிக்கிறாரு. ஒருத்தன், ஒருத்தன் கிட்ட போவல."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அவ்ளோ பெரிய மிசினாடா நானு?"

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் சரியான பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"அதுக்கும் மேல, அத்த" என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. யாரோ பக்கத்தில் "ஏமிம்மா?" என்று விசாரித்தார்கள். "மா அல்லுடு" என்று அத்தை அவர்களிடம் தெலுங்கில் பெருமையாகச் சொன்னார், என் மருமகன் என்று. பிறகு என்னிடம், "அந்தப் படத்த எடுத்துட்டியாமே? திருப்பிப் போடு. தேங்கா நல்லாத் தெரியணும்" என்றார்.

"போடறேன் அத்த. குமாரிய..."

"பரிச்ச எழுதுடா மொதல்ல. பெயிலாயிட்டு வந்தீனா, இட்டுக்கினு வந்து இந்த மிசின் கிட்ட உட்டுடுவேன்."

8

தேர்வும் கம்ப்யூட்டரில்தான். காதில் ஹெட்போனை மாட்டித் திரை முன்னால் உட்காரவைத்தார்கள். நாலைந்து பலகைகளின் படம் காட்டி, எதைக் கண்டால் கிட்டே போகக் கூடாது என்று ஒரு கேள்வி. ஒரு பலகையில், கூரை மேல் அத்தை தேங்காயை ஓங்கிக்கொண்டு நின்றார். நான் சிரித்துவிட்டேன். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். குனிந்து வணங்கினேன்.

எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். தேறினேன். வெளியே வந்து யோசித்துப் பார்த்தால், சண்டைக்கு வந்த சொல் ஒன்றுகூடத் தப்பவில்லை. 'பழுது' சரி, 'இரைச்சல்' சரி, 'அபாயம்' சரி. தப்பு விட்டது 'அமைதி'யில். எருமை மாட்டுக்காக யாரும் என்னோடு சண்டை போடவில்லை.

பெட்டியில் மடித்து வைத்த துணியை அத்தையே திரும்ப எடுத்துப் பயணப் பையில் அடுக்கினாராம். வழியனுப்ப மெட்ராஸ் விமான நிலையம்வரை வந்தவர், உள்ளே விடமாட்டோம் என்று சொன்ன காவலரிடம், "நான் யாருன்னு ஜப்பான்ல கேட்டுப் பாரு" என்றாராம்.

9

மோனிஷா இப்போது ஐந்தாம் வகுப்பு. என் மொழியைத் திருத்துகிறாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், "நைனா, நீ பேசாத, நான் பேசறேன்" என்று காதில் சொல்லிவிடுகிறாள். நான் இத்தனை அட்டை தட்டி ஏற்றிக்கொண்டதெல்லாம் அவளுக்குக் காற்றில் வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு வேறொன்று உதிர்கிறது. போன வாரம் முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் தெரியாமல் நின்றாள். போனில் அத்தை "துன்னியாடி?" என்று கேட்டால், ஜப்பானிய மொழியில் பதில் சொல்லிப் போனுக்கே குனிந்து வணங்குகிறாள். "இன்னா சொல்றா?" என்கிறார் அத்தை. நான் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறேன். பத்தாவது படித்தவனுக்கு வந்த பதவியைப் பாருங்கள். சந்தோஷமான பதவி என்று சொல்ல மாட்டேன்.

சரி, இன்று காலைக்கு வருகிறேன். ஒரு வருஷத்துக்கும் மேல் உள்ளேயே கிடந்த 'கிகென்' அட்டை இன்று தானாக மேலே வந்திருந்தது. மோனிஷா உடனே ஆயாவுக்கு வீடியோ போட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. அத்தை தலையை முடிந்துகொண்டே வந்தார்.

"இன்னிக்கி நான் வந்துக்கிறேனாமே?"

"ஹாய், ஆயா" என்றாள் மோனிஷா. இங்கே 'ஹாய்' என்றால் ஆமாம்.

"அடுத்த தபா எப்ப வருவேன்?"

மோனிஷா நான்கு பொத்தானையும் பார்த்தாள். தமிழில் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னாள். "இப்ப... சுலபம் அமுக்கினா... அஞ்சு வருஷம் அப்பால, ஆயா."

"அடியம்மா, அஞ்சு வருஷமா? அதுக்குள்ள உனக்கு என் மூஞ்சே மறந்துடும்டி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். குமாரி அடுப்பை அணைத்தாள். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.

மோனிஷா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். 'மறுபடி' என்ற பொத்தானை அமுக்கினாள்.

"தெரியாதுன்னு சொல்லிட்டேன் ஆயா. பத்து நிமிஷத்துல திரும்பி வருவே. நாளிக்கும் வருவே."

"பத்து நிமிஷமா?" என்றார் அத்தை. "டீ குடிச்சிட்டு வரேன்னு சொல்லு."

நாங்கள் மூன்று பேரும் உப்புமாத் தட்டோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். பத்து நிமிஷத்தில் அத்தை வந்தார். கை ஓங்கியிருந்தது, தேங்காய் நன்றாகத் தெரிந்தது. 'அபாயம். கிட்டே போகாதே' என்று மோனிஷா எழுத்துக்கூட்டாமல் தமிழில் படித்தாள். படித்துவிட்டு, நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.